ரோட்டை அகலமாக்கினால் நெரிசல் குறையுமா? - 20 ஆண்டுக் கணிப்புகள் எங்கே உதைக்கின்றன?

திங்கள்கிழமை காலை 9 மணி. மொபைல் மேப்பில் ஓஎம்ஆர் முழுக்கச் சிவப்பு. மத்திய கைலாஷில் திரும்பிய கேப், பெருங்குடியைத் தாண்டுவதற்குள் லாக்-இன் நேரமே போய்விடும் போலிருக்கிறது. பக்கத்தில் நிற்கும் பைக்காரர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் புலம்புகிறார்: "பிளான் பண்ணித்தான் இந்த ரோட்டைப் போட்டாங்களா?"

ஆமாம், பிளான் பண்ணித்தான் போட்டார்கள்.

பெரிய சாலை ஒன்று வருவதற்கு முன்பே, அதில் இன்று எத்தனை வண்டிகள் போகின்றன, 10 ஆண்டு கழித்து எத்தனை போகும், 20 ஆண்டு கழித்து எத்தனை என்று கணக்குப் போட்டு அறிக்கை தயாராகிறது. நான்கு வழியா, ஆறு வழியா, எங்கே மேம்பாலம், டோல் வைத்தால் போட்ட பணம் திரும்புமா எனப் பல முடிவுகளுக்கு அந்தக் கணக்குதான் அடிப்படை. அப்போ, கணக்கு எங்கே உதைக்குது? கணிப்பவர்களுக்குக் கணக்கு தெரியாததால் அல்ல. அவர்களிடம் கேட்கப்படும் கேள்வியிலும், விடை தவறினால் யாரும் திரும்பிப் பார்க்காததிலும்தான் சிக்கல் இருக்கிறது.

முதல் வேலை: எண்ணுவது

நெடுஞ்சாலை ஓரத்தில் இரவு பகலாக உட்கார்ந்து, போகும் வண்டிகளைக் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருப்பவர்களைச் சிலர் பார்த்திருக்கலாம். இப்போது பல இடங்களில் அந்த வேலையை கேமரா செய்கிறது. வாரநாள், வாரக்கடைசி இரண்டும் பதிவாக வேண்டும் என்பதற்காக ஏழு நாட்கள், 24 மணி நேரமும் எண்ணுவது வழக்கம். இதோடு, வண்டிகளை ஓரங்கட்டி, "எங்கிருந்து வர்றீங்க, எங்கே போறீங்க?" என்று கேட்கும் சர்வேயும் உண்டு.

ஆனால், நம்ம ஊர் ரோட்டில் பைக், ஷேர் ஆட்டோ, கார், டேங்கர் லாரி, டிராக்டர் எல்லாம் ஒன்றாகப் போகும். இவற்றை எப்படி ஒரே கணக்கில் கூட்டுவது? அதற்காகத்தான் 'பிசியு' என்ற அளவு. ஒரு கார் பிடிக்கும் இடத்தை 1 என்று வைத்து மற்ற எல்லாவற்றையும் அதனோடு ஒப்பிடுவார்கள். கிராமப்புற நெடுஞ்சாலைகளுக்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1990-ல் தந்த வழிகாட்டியின்படி பைக் 0.5, கார் அல்லது ஆட்டோ 1, பஸ் அல்லது லாரி 3, மாட்டு வண்டி 8. மாட்டு வண்டி அளவில் பெரியது என்பதால் அல்ல, மெதுவாகப் போய்ப் பின்னால் வரும் எல்லோரையும் தேக்குகிறது என்பதால் இந்த மதிப்பு.

வெளிநாட்டுச் சாலைகளை அளந்து எழுதிய சூத்திரங்கள், லேன் பார்த்து ஓட்டாத நம்ம ஊர்ப் போக்குவரத்துக்கு அப்படியே பொருந்தாது. அதனால்தான் மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் 2017-ல் இந்தியச் சாலைகளுக்கென்றே ஒரு கையேட்டை வெளியிட்டது.

நாலு படியில் ஒரு நகரம்

எண்ணிக்கை கிடைத்த பிறகு, நகரத்தையும் சுற்றியுள்ள பகுதிகளையும் சின்னச் சின்ன மண்டலங்களாகப் பிரிப்பார்கள். பிறகு கம்ப்யூட்டரில் நான்கு கேள்விகள்.

ஒன்று: ஒவ்வொரு மண்டலத்திலிருந்தும் தினமும் எத்தனை பயணங்கள் கிளம்பும்? வேளச்சேரியில் எத்தனை வீடுகள், வீட்டில் எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள், வண்டி இருக்கிறதா என்பதை வைத்து இது வரும்.

இரண்டு: அந்தப் பயணங்கள் எங்கே போகும்? இங்கே நியூட்டனின் ஈர்ப்பு விதி மாதிரி ஒரு சூத்திரம் உதவுகிறது. வேலைவாய்ப்பு அதிகமுள்ள இடம் அதிகம் பேரை இழுக்கும். தூரமும் பயண நேரமும் கூடக் கூட இழுப்பு குறையும். வேளச்சேரியில் இருப்பவர் சிறுசேரியைவிடத் தரமணிக்குப் போக வாய்ப்பு அதிகம் என்பதை இந்தச் சூத்திரம் எண்ணாக்கித் தரும்.

மூன்று: எதில் போவார்கள்? பைக்கா, பஸ்ஸா, மெட்ரோவா? செலவு, நேரம், காத்திருப்பு ஆகியவற்றை வைத்து முடிவாகும்.

நான்கு: எந்த வழியில்? ஒரு பாதை நெரிந்தால் சிலர் வேறு பாதைக்கு மாறுவார்கள். இனி யார் பாதையை மாற்றினாலும் நேரம் மிச்சமாகாது என்ற நிலை வரும்வரை கம்ப்யூட்டர் கணக்குப் போடும். பிரிட்டனைச் சேர்ந்த வார்ட்ராப் 1952-ல் முன்வைத்த கருத்து இது. மேப் ஆப் காட்டும் சந்துக்குள் புகுந்து, அங்கே ஏற்கெனவே 40 வண்டிகள் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இந்த நாலு படி முறை 1950-களில் டெட்ராய்ட், சிகாகோ நகரங்களுக்காக நடந்த ஆய்வுகளில் உருவெடுத்தது. அப்போது அமெரிக்காவில் குடும்பங்கள் வேகமாகக் கார் வாங்கிக்கொண்டிருந்தன. நெடுஞ்சாலையை எவ்வளவு பெரிதாகக் கட்டுவது என்பதுதான் அன்றைய கேள்வி. இந்தப் பிறப்பு வரலாறு முக்கியம். 'ரோடு எவ்வளவு பெரிசு வேணும்?' என்ற கேள்விக்காகப் பிறந்த முறை, எந்த ஊருக்குப் போனாலும் அந்தக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்லும்.

ஒரே ஒரு சதவீதம்

ஊர்களுக்கு இடையேயான நெடுஞ்சாலைகளில் கணிப்பு இன்னும் எளிமையானது. இன்றைய எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு, ஆண்டுக்கு இத்தனை சதவீதம் வளரும் என்று பெருக்கிக்கொண்டே போவது. பொருளாதார வளர்ச்சி, வாகனப் பதிவு ஆகியவற்றை வைத்து அந்தச் சதவீதத்தைத் தீர்மானிக்கிறார்கள்.

ஒரு சாலையில் இன்று தினமும் 20,000 பிசியு போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3% வளர்ந்தால் 20 ஆண்டில் சுமார் 36,000 ஆகும். 5% என்றால் 53,000. 7.5% என்றால் 85,000. ஓரமும் தார் போட்ட நான்கு வழிச் சாலை தாராளமாகத் தாங்கும் அளவு நாளைக்கு 40,000 என்கிறது அந்த 1990-ம் ஆண்டு வழிகாட்டி. அப்படியென்றால் 3% என்று எழுதினால் நான்கு வழி போதும், 5% என்று எழுதினால் போதாது, 7.5% என்று எழுதினால் இன்னும் பெரிய திட்டம் தேவைப்படும்.

அறிக்கையின் ஒரு பக்கத்தில் இருக்கும் அந்த ஒற்றை எண், எத்தனை ஏக்கர் நிலம் கையகப்படுத்துவது, எத்தனை கடைகள் இடிபடும், எத்தனை மரங்கள் விழும் என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது. அதை எழுதியவர் யார், ஏன் அதை எழுதினார் என்று நிலம் கொடுப்பவரும் கேட்பதில்லை, டோல் கட்டுபவரும் கேட்பதில்லை.

10 நிமிடம் 34 நிமிடம் ஆவது எப்படி?

நெரிசல் சீராக ஏறுவதில்லை. ஒரு கட்டம்வரை ஒன்றும் தெரியாது, பிறகு திடீரென்று கழுத்தை நெரிக்கும். 1960-களில் அமெரிக்கப் பொதுச் சாலைகள் துறை வெளியிட்ட ஒரு சூத்திரம் இதை அழகாகக் காட்டுகிறது. இன்றும் உலகம் முழுக்க அதன் ஏதோவொரு வடிவம் புழக்கத்தில் இருக்கிறது.

காலியான சாலையில் 10 நிமிடம் ஆகும் தூரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சாலையின் கொள்ளளவில் பாதி வண்டிகள் வந்தால் நேரம் கிட்டத்தட்ட மாறாது. கொள்ளளவு முழுக்க நிரம்பினால் 11.5 நிமிடம். ஒன்றரை மடங்கு வண்டிகள் வர முயன்றால் 17.6 நிமிடம். இரண்டு மடங்கு என்றால் 34 நிமிடம். ஊருக்கு ஊர் எண்கள் மாறலாம். ஏறும் விதம் இதுதான்.

இதில் ஒரு நல்ல செய்தியும் ஒளிந்திருக்கிறது. நிரம்பி வழியும் சாலையில் கொஞ்சம் வண்டிகள் குறைந்தாலே நேரம் நிறைய மிச்சமாகும். பள்ளி விடுமுறை நாட்களில் "என்னப்பா, இன்னைக்கு ரோடு ஃப்ரீயா இருக்கு" என்று தோன்றுவது இதனால்தான். ஊரே காலியாகிவிடவில்லை; ஒரு பகுதி வண்டிகள் மட்டும்தான் குறைந்திருக்கும்.

சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோம் இதை 2006-ல் சோதித்தே பார்த்தது. நகர மையத்துக்குள் நுழையவும் வெளியேறவும் வண்டிகளுக்குக் கட்டணம் விதித்தபோது, எல்லையைக் கடக்கும் வண்டிகள் சுமார் 20% குறைந்தன. நெரிசலில் வீணாகும் நேரமோ பல சாலைகளில் 30 முதல் 50% வரை குறைந்தது. முதலில் எதிர்த்த மக்களே பிறகு நடந்த வாக்கெடுப்பில் ஆதரித்தார்கள். 2007-லிருந்து அங்கே அந்தக் கட்டணம் நிரந்தரம்.

அகலமானதும் வந்து சேரும் வண்டிகள்

அப்போ ரோட்டை இரண்டு மடங்கு அகலமாக்கிட்டா போச்சு என்று தோன்றும். கணக்கு உண்மையில் உதைக்கும் இடம் இதுதான்.

சாலை அகலமானதும் நேரம் குறைகிறது. நேரம் குறைந்ததும் மக்கள் மாறுகிறார்கள். பஸ்ஸில் போனவர் பைக்கை எடுக்கிறார். காலை 7 மணிக்கே கிளம்பியவர் 8.30-க்குக் கிளம்புகிறார். "அரை மணி நேரம்தானே" என்று 20 கிலோமீட்டர் தள்ளி ஃபிளாட் புக் செய்கிறார் இன்னொருவர். அந்த நம்பிக்கையில் பில்டர் அடுத்த டவரை எழுப்புகிறார். சில ஆண்டுகளில் சாலை பழைய நிலைக்கே திரும்புகிறது. இதைத் தூண்டப்பட்ட தேவை என்கிறார்கள்.

அமெரிக்க நகரங்களின் 20 ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் டுரான்டன், டர்னர் இருவரும் 2011-ல் வெளியிட்ட முடிவு புகழ்பெற்றது. நகரப் பகுதிகளில் பெருநெடுஞ்சாலைகளின் நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ, ஏறக்குறைய அதே விகிதத்தில் அவற்றில் வண்டிகள் ஓடும் தூரமும் கூடுகிறது. ஹூஸ்டன் நகரின் கேட்டி ஃப்ரீவே, 2008-ல் விரிவாக்கம் முடிந்தபோது சில இடங்களில் சர்வீஸ் ரோடுகளையும் சேர்த்து 26 வழிகள் வரை அகலமானது. அப்படியும் 2011-க்கும் 2014-க்கும் இடையே மாலை நேரப் பயண நேரம் அங்கே 50 சதவீதத்துக்கும் மேல் கூடியது.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. டெல்லி - குருகிராம் விரைவுச் சாலை 2008-ல் திறந்தது. எல்லையில் 32 வரிசைகள் கொண்ட பிரம்மாண்டமான டோல் பிளாசா. வண்டிகள் குவிந்த வேகத்தில் நெரிசலைத் தீர்க்க வந்த சாலையின் டோல் பிளாசாவே நெரிசலாகி, 2014-ல் அதை அகற்ற வேண்டியதாயிற்று.

இனி ஓஎம்ஆருக்கு வருவோம். தரமணியில் டைடல் பார்க் 2000-ல் திறந்தது. 2008-ல் ராஜீவ் காந்தி சாலை என்ற பெயரில் ஆறு வழிச் சாலை வந்தது. ஐடி நிறுவனங்களுக்காகப் போட்ட சாலை, மேலும் ஐடி நிறுவனங்களை இழுத்தது. அவை அபார்ட்மென்ட்களை இழுத்தன. அபார்ட்மென்ட்கள் பள்ளி, மால், மருத்துவமனைகளை இழுத்தன. நகர எல்லைக்குள் இருந்த டோல்கள் 2021-ல் அகற்றப்பட்டன. பிறகு மெட்ரோ பணிகளுக்காகச் சாலை பல இடங்களில் குறுகியது. இன்று இந்தச் சாலையில் நிற்பவர்களில் பலர், இந்தச் சாலை வந்ததால்தான் இங்கே குடிவந்தவர்கள். இன்றைய நடமாட்டத்தை மட்டும் எண்ணிப் பெருக்கும் எந்தக் கணிப்பிலும் இவர்கள் அகப்படமாட்டார்கள்.

எவ்வளவு தப்பு நடக்கிறது?

டென்மார்க்கைச் சேர்ந்த ஃப்ளூபியர் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 14 நாடுகளில் 210 போக்குவரத்துத் திட்டங்களின் கணிப்பையும், பிறகு உண்மையில் நடந்ததையும் ஒப்பிட்டு 2005-ல் வெளியிட்டார்கள். சாலைத் திட்டங்களில் பாதியில் உண்மை நிலவரம் கணிப்பிலிருந்து 20 சதவீதத்துக்கும் மேல் விலகியிருந்தது. கால்வாசித் திட்டங்களில் விலகல் 40 சதவீதத்துக்கும் மேல். ரயில் திட்டங்கள் இன்னும் மோசம்: பத்தில் ஒன்பதில் பயணிகள் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லியிருந்தார்கள்.

எதிர்காலத்தைத் துல்லியமாகச் சொல்ல யாராலும் முடியாது என்பது நியாயமான பதில்தான். ஆனால், தவறு கூடினாலும் குறைந்தாலும் பில் வருவது மக்களுக்குத்தான். கணிப்பைவிட வண்டிகள் குறைவாக வந்தால் டோல் வருமானம் போதாமல் வங்கிக் கடன் சிக்கலாகிறது. கூடுதலாக வந்தால் லட்சக்கணக்கானோரின் நேரம் ரோட்டில் கரைகிறது. கணிப்பு எழுதியவரை யாரும் திரும்ப அழைத்து விளக்கம் கேட்பதில்லை.

எண்ண வேண்டியது வண்டியையா, ஆளையா?

பிசியு கணக்கை இன்னொரு முறை பார்க்கலாம். 60 பேர் ஒரு பஸ்ஸில் போனால் 3 பிசியு. அதே 60 பேர் ஆளுக்கொரு பைக்கில் போனால் 30. காருக்கு இரண்டு பேர் என்று போனாலும் 30. ஆளுக்கொரு கார் என்றால் 60.

போவது அதே 60 பேர்தான். ரோட்டில் பிடிக்கும் இடம்தான் 20 மடங்கு வரை மாறுகிறது. ஆனால், 'இந்தச் சாலையில் இத்தனை பிசியு போகிறது, கொள்ளளவு போதவில்லை' என்று எழுதும் அறிக்கையில், அதில் எத்தனை மனிதர்கள் போனார்கள் என்பது தலைப்பில் வராது. பஸ்கள் குறைந்து பைக்குகள் பெருகினால், ஒருவர்கூடக் கூடுதலாகப் பயணிக்காமலேயே பிசியு எகிறும். உடனே 'போக்குவரத்து வளர்கிறது, இன்னொரு மேம்பாலம் தேவை' என்று முடிவெழுத இடம் கிடைக்கும். பஸ் இல்லாத குறையை ரோடு இல்லாத குறையாகக் காட்டிவிடுகிறது இந்த அளவுகோல்.

'அப்போ ரோடே போடக் கூடாதா?' என்று கேட்கலாம். அப்படியில்லை. ஊருக்குள் வராமல் லாரிகளைத் திருப்பிவிடும் பைபாஸ், விபத்து நடக்கும் வளைவைச் சரிசெய்யும் வேலை, துறைமுகத்துக்குச் சரக்கு போகும் பாதை ஆகியவை தேவைதான். அகலமான சாலை கூடுதலான பேரைக் கொண்டுபோகும் என்பதும் உண்மை. புதிதாக வந்தவர்களுக்கும் வேலையோ வீடோ கிடைத்திருக்கிறது. ஆனால், 'நெரிசல் தீரும்' என்று சொல்லி விற்கக் கூடாது. நகருக்குள் அந்த வாக்குறுதியை வெறும் அகலத்தால் காப்பாற்ற முடிவதில்லை.

சென்னைக்கு இப்போது ஏன் முக்கியம்?

சென்னைப் பெருநகரப் பகுதி நீண்ட காலம் 1,189 சதுர கிலோமீட்டர். 2022-ல் அது 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. இனி வரும் திட்டங்கள் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் நிலத்தையும் வாழ்க்கையையும் சேர்த்தே தீர்மானிக்கும்.

இவ்வளவு பெரிய பரப்பில் நெடுஞ்சாலைத் துறை, தேசிய நெடுஞ்சாலை ஆணையம், மாநகராட்சிகள், எம்டிசி, மெட்ரோ, ரயில்வே, சிஎம்டிஏ என்று ஆளுக்கொரு திசையில் திட்டமிட்டால் என்ன ஆகும்? இவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்கத்தான் கும்டா என்ற ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம். இதற்கான சட்டம் 2010-ல் வந்தது. நடைமுறைக்கு வந்தது 2019-ல். முதல் கூட்டம் நடந்தது 2022-ல். சட்டத்துக்கும் முதல் கூட்டத்துக்கும் நடுவில் 12 ஆண்டுகள்.

ஒருங்கிணைப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு கிளாம்பாக்கம் ஒரு பாடம். 2023 டிசம்பர் 30-ல் பேருந்து முனையம் திறந்தபோது, ரயில் பாதை பக்கத்திலேயே இருந்தும் அங்கே ரயில் நிலையம் இல்லை. தென் மாவட்டங்களிலிருந்து விடியற்காலையில் வந்து இறங்கியவர்கள் பையும் பிள்ளையுமாக அடுத்த வண்டியைத் தேடி அலைந்தார்கள். ஜிஎஸ்டி சாலையில் வெளியூர்ப் பஸ்ஸைக் குறைத்த அதே முடிவு, ஆட்டோ, கேப் பயணங்களைக் கூட்டியது. பஸ் ஒரு துறை, ரயில் ஒரு துறை என்று தனித்தனியாகப் போடும் கணக்கில் இந்த நடுவழிப் பயணம் யார் பொறுப்பிலும் வராது.

என்ன கேட்க வேண்டும்?

நான்கு விஷயங்களைக் கேட்டால் போதும். எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை.

முதலாவது, கணிப்பு அறிக்கை மக்கள் படிக்கும்படி தமிழில், இணையத்தில் இருக்க வேண்டும். எந்த வளர்ச்சிச் சதவீதம், ஏன் அந்தச் சதவீதம் என்பது முதல் பக்கத்திலேயே வர வேண்டும்.

இரண்டாவது, 20 ஆண்டு கழித்து 85,000 என்று ஒற்றை எண் சொல்லக் கூடாது. 'பஸ் சேவை இரட்டிப்பானால் இவ்வளவு, இப்படியே விட்டால் இவ்வளவு, ரோட்டை மட்டும் அகலமாக்கினால் இவ்வளவு' என்று பல பாதைகளைக் காட்ட வேண்டும்.

மூன்றாவது, வண்டிகளோடு மனிதர்களையும் எண்ண வேண்டும். ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் கடந்தார்கள் என்பதும் தலைப்பு எண்ணாக வேண்டும். நடப்பவர்களும் அதில் சேர்த்தி.

நான்காவதுதான் மிக முக்கியம்: திறந்த பிறகு சரிபார்க்க வேண்டும். இங்கிலாந்தில் தேசிய நெடுஞ்சாலை நிறுவனம், பெரிய திட்டங்களைத் திறந்த ஓராண்டிலும் ஐந்தாண்டிலும் மதிப்பிட்டு அறிக்கை வெளியிடுகிறது. சொன்ன வண்டிகள் வந்தனவா, சொன்ன நேரம் மிச்சமானதா என்று அதில் இருக்கும். இங்கேயும் மேம்பாலத் திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டுவதைப் போலவே, ஐந்து ஆண்டு கழித்து அந்தக் கணக்கையும் பொதுவில் பிரித்துப் பார்க்கலாம். ஒரு முறை தப்பினால் அடுத்த கணிப்புக்குப் பாடம். பார்க்காமலே விட்டால் அதே தப்பு அடுத்த சாலைக்கும் போகும்.

பெருங்குடி சிக்னலில் நிற்கும் பைக்காரரின் கேள்வி தவறில்லை. கொஞ்சம் மாற்றிக் கேட்கலாம். "பிளான் பண்ணித்தான் போட்டீங்க, சரி. அந்தப் பிளான்ல என்ன எழுதியிருந்தீங்க? அது நடந்துச்சா?"